யாருடையது என்று கேட்டார்கள்

குளியலறைக்குப் பின்னால், குழாய் ஒழுகும் இடத்தில்
இரண்டு வருஷம் கிடந்தது
என் வீட்டுக்காரர் சன்னாசியின் லோரி பேட்டரி.
லோரியை வங்கிக்காரன் இழுத்துப் போய்விட்டான்.
மாற்றி வைத்திருந்த பழைய பேட்டரி மட்டும்
எங்களோடு தங்கிவிட்டது.
"இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்றார்.
எதற்கு என்று நானும் கேட்கவில்லை.
அதன்மேல் துணி சோப்பு வைத்துக்கொண்டேன்.

பள்ளி விடுமுறையில் வந்து கேட்டார்கள்,
தினேஸ்வரனும் ஹஃபீஸும்.
தூண்டிலுக்கு ஈயக்குண்டு உருக்க வேண்டுமாம்.
எடுத்துக்கோங்கடா என்றேன்.
இடம் காலியானதில் ஒரு சந்தோஷம்கூட.

கால்வாய் ஓரம், செம்பனை மூன்றாம் வரிசையில்
பாராங்கத்தியால் பிளந்திருக்கிறார்கள்.
வேண்டியது கொஞ்சம்,
மிச்சமெல்லாம் புல்லுக்கு.
இனிக்குமாம் அது.
மாட்டு நாக்குக்கு இனிக்குமாம்.
பிறகுதான் சொன்னார்கள்.

பரிபூரணத்தின் செவலை
வியாழக்கிழமை சுவரில் நெற்றியை வைத்து நின்றது,
சுவருக்குள் யாரையோ தள்ளுவது போல.
வெள்ளிக்கிழமை வட்டம் போட்டது.
கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால்
இமைக்கவில்லை.
சனிக்கிழமை, மாட்டு டாக்டரின் வண்டி
சாலை திரும்பும் நேரத்தில்
மடி கனத்தபடியே சரிந்தது.
கன்று குடிக்கப் போனது.
டாக்டர் ஓடிவந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார்:
அந்தப் பாலிலும் இருக்கும்.

கால்வாய் ஓரம் நடந்துபோய்
கறுப்புப் பெட்டியின் பாதி ஓட்டைக்
குச்சியால் புரட்டினார்.
யாருடையது என்று மலாயில் கேட்டார்.
யாரோ அதையே தமிழில் கேட்டார்கள்.
பையன்கள் என்னைப் பார்த்தார்கள்.
நான் கன்றைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள், பீடோங் சாலைமுனையில்
பட்டறை வைத்திருக்கும் ஆ கியோங்
யாரோ ஒருவருடைய கார் பேட்டரியைத் தராசில் வைத்து
இருபத்தெட்டு ரிங்கிட் எண்ணிக் கொடுத்ததை
மோட்டாரில் உட்கார்ந்தபடி பார்த்தேன்.
பணம் கொடுத்து வாங்குகிறான்.
அவ்வளவு பக்கத்தில்.
பச்சை விளக்கு விழுந்தும் நகரவில்லை,
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இப்போது வீடு வீடாகப் போகிறேன்.
கையில் இரண்டு கிலோ மைலோ டின்.
சுவர்க் கடிகாரத்தில் செத்தது, ரிமோட்டில் செத்தது,
பிரஷர் பார்க்கும் மெஷினில் செத்தது,
தீபாவளிக்கு வாங்கி மறுநாளே ஊமையான பொம்மைக் காரில்
உப்புப் பூத்து ஒட்டிக்கொண்டது.
கத்திமுனையால் நெம்பி எடுக்கிறேன்.
ஓடாத காற்றாடி, அடி கருகிய சோற்றுப்பானை,
துருப்பிடித்த ஐஸ்பெட்டி
எல்லாம் ஆ கியோங்கின் தம்பி லோரிக்கு.
ஒயரை மட்டும் தனியாக வெட்டி எரிக்க மாட்டான்,
முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.
டின் நிறைந்தால் பஸ் ஏறிச் சுங்கைப்பட்டாணி.
சூப்பர்மார்க்கெட் வாசலில் பெட்டி இருக்கிறது.
பாதிநாள் அதற்குள் ரசீதும் தண்ணீர்ப் போத்தலும்.
கைவிட்டு அதையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான்
என்னுடையதைப் போடுகிறேன்.

கோயில் தலைவர் பொன்னாடை போர்த்தப் போகிறாராம்,
தோட்டத்தைச் சுத்தமாக்கும் சகோதரி என்று.
வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன்.
சன்னாசி ஒன்றும் சொல்லவில்லை.
அன்று இரவு டார்ச்லைட்டைத் திறந்து
மூன்று பேட்டரியையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
மூன்றிலும் இன்னும் உயிர் இருந்தது.

நேற்று பரிபூரணம் வந்தாள்.
பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இரண்டு.
"கசியுதுக்கா, கையில படாம வாங்கு."
உட்காரச் சொல்லிக் கோப்பி ஓ கலக்கினேன்.
செவலை போனதிலிருந்து
எங்கள் வரிசையில் யாரும் பால் கேட்பதில்லை.
கறுப்பை ஊதி ஊதிக் குடித்தாள்.
"ஒனக்கு ஏங்க்கா இந்த வேலை?"

வாய் வரைக்கும் வந்தது.
டின்னை எடுத்து அவளுடைய இரண்டையும் போட்டேன்.
மூடியை அழுத்தினேன்.
சரியாக மூடவில்லை,
இன்னொரு தடவை அழுத்தினேன்.